உதைத்தும் உயிர் வராத சி70: மின்பொறிக் கோளாறை வரிசையாகத் தேடிப் பிடிப்பது எப்படி

பினாங்கு ஜெலுத்தோங்கில் என் வீட்டு வாசலுக்குப் பழைய கப்சாயை (ஹோண்டா கப் போன்ற சின்ன மோட்டார் சைக்கிளை) ஓட்டிக்கொண்டு வருபவர்கள் குறைவு. தள்ளிக்கொண்டு வருபவர்கள்தான் அதிகம். போன மழைக்காலத்தில் பக்கத்துத் தெருத் தம்பி ஒருவர் வியர்க்க விறுவிறுக்க வந்து நின்றார். "அண்ணே, பெட்டரி புதுசு, பிளக் புதுசு, பிளாட்டினம் புதுசு, காயிலும் புதுசு. இன்னும் கரண்டே இல்லலா" என்றார். இருநூறு வெள்ளிக்கு மேல் போயிருந்தது. நான் சாவிக்குப் போகும் ஒரே ஒரு ஒயரைக் கழற்றினேன். இரண்டாவது உதையில் வண்டி எழுந்துவிட்டது.

அந்த ஒயரைக் கழற்றக் காசு வேண்டாம், ஸ்பேனர்கூட வேண்டாம். அவர் மாற்றிய பொருள்கள் எல்லாம் நல்ல பொருள்கள்தான், வரிசைதான் தலைகீழாகப் போயிற்று. கீழே உள்ள வரிசையில் செலவில்லாத சோதனை முதலில் வரும், எளிதாகக் கழற்றக்கூடியது அடுத்து வரும், மெக்னட்டை (என்ஜினின் பக்கத்தில் சுற்றும் காந்தச் சக்கரத்தை) பிடுங்குவது கடைசியில் வரும். ஒரு படி முடியாமல் அடுத்ததற்குத் தாவாதீர்கள். இரண்டு பொருளை ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். மாற்றினால் வண்டி ஓடினாலும் எது கெட்டிருந்தது என்று உங்களுக்குத் தெரியாது, அடுத்த முறை மறுபடியும் இரண்டையும் வாங்குவீர்கள்.

1. உங்கள் வண்டி எந்த வகை

இங்கே நான் சொல்வது 6 வோல்ட் ஹோண்டா சி70 போல, பிளாட்டினம் (திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் கான்டாக்ட் பாயிண்ட்) உள்ள மெக்னட் வண்டிகளுக்கு. இந்த வகையில் பொறிக்கு வேண்டிய மின்சாரத்தை மெக்னட்டுக்குள் இருக்கும் சுருளே உண்டாக்குகிறது. பெட்டரி ஹாரன், சிக்னல் போன்றவற்றுக்குத்தான். ஆகவே பெட்டரி செத்துக் கிடந்தாலும் வண்டி உதைக்கு எழ வேண்டும். எழவில்லை என்று பெட்டரி வாங்கப் போவது முதல் வீண் செலவு.

எல்லாப் பழைய வண்டியும் இப்படி இல்லை. செல்ஃப் ஸ்டார்ட்டரோடு வந்த சில கப்கள், புல்லட், பழைய சிபி ஹோண்டாக்கள் ஆகியவற்றில் பொறிக்கும் பெட்டரிதான் மூலம். சந்தேகமாக இருந்தால் மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து, சாவியைத் திறந்து, காயிலுக்கு (பிளக்குக்கு வேண்டிய உயர்ந்த வோல்ட்டை உண்டாக்கும் இக்னிஷன் காயில்) வரும் ஒயரில் பாருங்கள். பெட்டரி வோல்ட் காட்டினால் அது பெட்டரி வகை. ஒன்றும் காட்டாவிட்டால், பெரும்பாலும் மெக்னட் வகை.

யமஹா ஆர்எக்ஸ்இசட், ஹோண்டா இஎக்ஸ்5 போன்றவற்றில் பிளாட்டினமே கிடையாது, அதன் வேலையைச் செய்யும் சிடிஐ என்ற மின்னணுப் பெட்டி இருக்கும். அவற்றுக்குக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன். ஆனாலும் 3 முதல் 7 வரையிலான படிகள் அவற்றுக்கும் பொருந்தும்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

16 மில்லிமீட்டர் பிளக் ஸ்பேனர் ஒன்று. சி70 பிளக்கின் மரை 10 மில்லிமீட்டர்தான், பெரிய வண்டிகளின் ஸ்பேனர் இதற்குச் சேராது. புது பிளக் ஒன்று, என்ஜிகே சி7எச்எஸ்ஏ. மீட்டர் ஒன்று, விலை மலிவானதே போதும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), 600க்கு மேல் நைசான மணல்தாள், கான்டாக்ட் கிளீனர், இரண்டு முனையிலும் கிளிப் வைத்த ஒரு முழ நீள ஒயர். வெளியே தொங்கவிட்டுச் சோதிக்க ஒரு கண்டென்சர். பிளாட்டினம் உள்ள பழைய காருக்கு விற்பதே போதும்.

மெக்னட் புல்லரை இப்போதே வாங்க வேண்டாம். பெரும்பாலான வண்டிகள் அந்தப் படிக்குப் போகும் முன்பே எழுந்துவிடும்.

ஸ்டேடியம் பக்கத்து லோரோங் கூலிட் சந்தையில் பழைய ஸ்பேனரும் ஃபீலர் கேஜும் கிடைக்கும். தகட்டில் துரு இருந்தால் எடுக்காதீர்கள், துருவுக்கும் ஒரு கனம் உண்டு, அளவு பொய்யாகிவிடும். கண்டென்சரையும் காயிலையும் அங்கே வாங்கவே கூடாது. அவை குளிர்ந்திருக்கும்போது நல்ல பிள்ளையாக நடிக்கும்.

இடமும் முக்கியம். வெயிலில் நின்றால் பொறி கண்ணுக்குத் தெரியாது, இருக்கும் பொறியை இல்லை என்று முடிவு கட்டிவிடுவீர்கள். அஞ்சடி (கடைமுன் கூரை உள்ள நடைபாதை) நிழல் நல்லது. கதவடைத்த ஸ்டோர் வேண்டாம், வண்டி எழுந்தால் புகை உள்ளேயே தங்கும், அந்தப் புகை ஆளைக் கொல்லும். பொறியைப் பார்க்கத் தொடங்கும் முன் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, பெட்ரோல் நனைந்த துணி பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதையும் கழற்றும் முன் கைப்பேசியில் படம் எடுங்கள். ஒயரின் நிறத்தை நம்பாதீர்கள். நாற்பது வருடத்தில் பல கை மாறிய வண்டியில் எந்த நிறத்தை எதற்கு ஒட்டினார்கள் என்பது ஒட்டியவருக்கே மறந்திருக்கும். ஒயரைக் கையால் பிடித்துக்கொண்டே போய், எங்கிருந்து எங்கே போகிறது என்று பாருங்கள்.

3. பெட்ரோல் கோளாறா, பொறிக் கோளாறா

சோக் போட்டு ஏழெட்டு முறை உதைத்துவிட்டு, உடனே பிளக்கைக் கழற்றுங்கள். நுனி நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் வந்து சேர்கிறது, தேட வேண்டியது பொறியை. காய்ந்து கிடந்தால் முதலில் டேங்க், குழாய், கார்பரேட்டர் பக்கம் போங்கள். மாதக்கணக்கில் நின்ற வண்டியாக இருந்தால் பழைய பெட்ரோலை வடித்து, புதியதை ஊற்றிவிட்டு மறுபடியும் உதையுங்கள். கெட்டுப்போன பெட்ரோலை வைத்துக்கொண்டு பொறியைத் தேடுவது இருட்டறையில் கறுப்புப் பூனையைத் தேடுவது போலத்தான்.

சாவியை மூடிவிட்டு, பிளக் துவாரத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு மெதுவாக ஒரு உதை கொடுங்கள். காற்று விரலைத் தள்ளி வெளியே வர வேண்டும். தள்ளவே இல்லையென்றால் வால்விலோ பிஸ்டனிலோ வேலை இருக்கிறது, இந்த வழிகாட்டி அதற்கு உதவாது.

4. பிளக்கை வாசிப்பது

கறுப்பாக, மாவு போலக் காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். பளபளப்பான ஈரக் கறுப்பு என்றால் எண்ணெய் மேலே ஏறுகிறது. இரண்டிலும் கரி வழியே மின்சாரம் ஒழுகி, பொறி பாய வேண்டிய இடத்தில் பாயாது. இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு: பிளக்கைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, பளபளக்கிறது என்று திரும்பப் போடுவது. தூரிகையின் உலோகத் தூள் வெள்ளைப் பீங்கானில் கோடாக ஒட்டிக்கொள்ளும், அதுவே மின்சாரத்துக்கு ஓடும் பாதையாகிவிடும். சோதனைக்குப் புது பிளக்கையே பயன்படுத்துங்கள். புதியதும் கெட்டிருக்கலாம், போலிகள் விற்பனையில் இருக்கின்றன. முடிந்தால் ஓடுகிற வண்டியிலிருந்து ஒன்றைக் கழற்றி ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

திரும்பப் போடும்போது ஸ்பேனர் இல்லாமல், விரலால் மட்டும் சுற்றி இறக்குங்கள். என்ஜின் தலை அலுமினியம். கோணலாக ஏற்றிய பிளக் மரையைத் தின்றுவிட்டால், பொறித் தொல்லையோடு லேத் பட்டறைச் செலவும் சேரும்.

5. பொறியைச் சரியாகப் பார்ப்பது

பழைய பிளக் தலையிலேயே இருக்கட்டும். புது பிளக்கைத் தொப்பியில் (தடித்த ஒயரின் நுனியில் பிளக்கைக் கவ்வும் மூடியில்) மாட்டி, அதன் உலோக உடலை பெயிண்ட் இல்லாத இடத்தில் அழுத்தி வையுங்கள். என்ஜின் தலையின் ஒரு போல்ட் நல்ல இடம். கையில் பிடிக்காமல் கிளிப் ஒயரால் கட்டிவிடுவது மேல். பழைய பிளக்கைக் கழற்றிவிட்டுத் துவாரத்தின் பக்கத்திலேயே பொறி காட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் துவாரத்திலிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சிக்கொண்டு வரும், பற்றிக்கொள்ளும்.

இப்போது முழு பலத்தோடு உதையுங்கள். மெக்னட் வண்டியில் சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவு வலுவாகப் பொறி வரும். மணிக்கட்டால் கிக்கரைத் தட்டிப் பார்த்துவிட்டு 'பொறி இல்லை' என்பவர்கள் நிறைய பேர்.

நீலம் கலந்த வெள்ளையாக, சட்டென்று ஒரு சத்தத்தோடு வந்தால் நல்லது. மெல்லிய ஆரஞ்சு நூலாக, சத்தமில்லாமல் வந்தால் அது பலவீனம், இல்லை என்றே கணக்கு வையுங்கள். திறந்த காற்றில் பொறி பாய்வது எளிது. சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட காற்றுக்கு நடுவே பாய்வதற்கு இன்னும் அதிக வோல்ட் வேண்டும். வெளியே பொறி காட்டும் வண்டி உள்ளே செத்துக் கிடப்பதற்கு இதுதான் காரணம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு தூக்கிப்போட வேண்டிய பிளக்கை எடுத்து, வளைந்த முனையை நிமிர்த்தி, இடைவெளியை நாலைந்து மில்லிமீட்டருக்குத் திறந்துவிடுங்கள். அதிலும் பொறி பாய்ந்தால் மின்சாரப் பக்கம் சரி, நேராக 11ஆம் படியில் டைமிங்கைப் பாருங்கள். பாயாவிட்டால் தொடர்ந்து வாருங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பிளக் எங்கும் தொடாமல் அந்தரத்தில் தொங்க உதைக்கக் கூடாது. போக இடமில்லாத மின்சாரம் காயிலுக்குள்ளேயே வழி தேடும், சிடிஐ வண்டியில் பெட்டியையும் கொன்றுவிடும்.

6. தொப்பியும் தடித்த ஒயரும்

தொப்பியை இடப்பக்கமாகச் சுற்றினால் ஒயரிலிருந்து கழன்று வரும். ஒயர் நுனியில் செம்பு பச்சையாகப் பாசி பிடித்திருந்தால், ஐந்தாறு மில்லிமீட்டர் வெட்டிவிட்டுத் தொப்பியைத் திரும்பச் சுற்றி ஏற்றுங்கள். கடலோரக் காற்றில் நிற்கும் வண்டிகளுக்கு இந்த ஒரு வெட்டு போதும். தஞ்சோங் பூங்கா பக்கத்து வண்டி ஒன்றை நான் இப்படியே அனுப்பி வைத்தேன்.

தடை உள்ள தொப்பியாக இருந்தால் மீட்டரில் பார்க்கலாம். வழக்கமானது 5 கிலோ ஓம். இருபது, முப்பது காட்டினாலோ எண்ணே வராவிட்டாலோ தொப்பியை மாற்றுங்கள். தொப்பியைக் கழற்றி, ஒயர் நுனியையே போல்ட்டுக்கு நாலைந்து மில்லிமீட்டர் தூரத்தில் நிறுத்தி உதைத்தும் பார்க்கலாம். அதில் பொறி வந்தால் குற்றவாளி தொப்பி. ஒயரைக் கையால் பிடிக்காதீர்கள், காய்ந்த மரக்குச்சியோடு கட்டி நிறுத்துங்கள்.

7. சாவி ஒயரைக் கழற்றுங்கள்

முன்னால் சொன்ன தம்பிக்கு இருநூறு வெள்ளியை மிச்சப்படுத்தியிருக்கக் கூடிய படி இது. புதியவர்கள் இதைத்தான் தாண்டிப் போகிறார்கள்.

வீட்டு விளக்குச் சுவிட்சில் 'ஆன்' என்றால் இரண்டு ஒயர் சேரும், மின்சாரம் ஓடும். மெக்னட் வண்டியில் இது அப்படியே தலைகீழ். சாவியை மூடும்போதுதான் உள்ளே இரண்டு ஒயர் சேர்கிறது. சேர்ந்து, பொறிக்குப் போக வேண்டிய மின்சாரத்தை எர்த்துக்கு, அதாவது வண்டியின் உலோக உடம்புக்கு, இறக்கிவிடுகிறது. சாவியைத் திறந்தால் அந்த இணைப்பு விலகும், பொறி வரும். ஆகவே சாவித் துவாரத்துக்குள் தண்ணீர் தேங்கினாலும், பித்தளைத் தூள் படிந்தாலும், போகிற வழியில் ஒயரின் தோல் உரிந்து உடம்பில் பட்டாலும், வண்டியைப் பொறுத்தவரை நீங்கள் சாவியையே திறக்கவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். மெக்னட் பக்கத்திலிருந்து வரும் ஒயர் காயிலுக்குப் போகிறது. அதிலிருந்தே ஒரு கிளை சாவிக்குப் பிரிகிறது. அந்தக் கிளையை மட்டும் கனெக்டரில் இழுத்துவிடுங்கள். மெக்னட்டுக்கும் காயிலுக்கும் நடுவே உள்ள இணைப்பு அப்படியே இருக்க வேண்டும். அதையும் சேர்த்துக் கழற்றிவிட்டு 'இப்பவும் பொறி வரலை' என்று சொல்வது இந்தப் படியில் நடக்கும் பெரிய தவறு.

உதையுங்கள். பொறி வந்துவிட்டால் கோளாறு சாவியிலோ, சாவிக்குப் போகும் ஒயரிலோ இருக்கிறது. எது என்று பிரிக்க, கழற்றிய கிளைக்கும் வண்டி உடம்புக்கும் நடுவே மீட்டரை ஓமில் வையுங்கள். சாவி மூடியிருந்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். திறந்திருந்தால் எண்ணே வரக் கூடாது. திறந்தும் சில ஆயிரம் ஓம் காட்டினால் சாவிக்குள் ஈரம். கான்டாக்ட் கிளீனர் அடித்து, காயவிட்டு, மறுபடி பாருங்கள். திறந்தும் பூஜ்யமாகவே நின்றால் மீட்டர் முள்களை எடுக்காமல் ஹேண்டிலை இடமும் வலமும் திருப்புங்கள். எண் ஆடினால் கழுத்துப் பகுதியில் ஒயர் உரசியிருக்கிறது.

தம்பியின் வண்டியில் எண் ஆடவில்லை. லெக் ஷீல்டை (காலுக்கு முன்னால் இருக்கும் மறைப்பை) கழற்றியபோது தெரிந்தது: பெயிண்ட் வேலைக்குப் பிறகு திரும்பப் பூட்டியபோது ஒரு திருகு ஒயரின் மேலேயே இறங்கியிருந்தது. கறுப்புத் தோலில் எள்ளளவு ஓட்டை, அதற்குள் செம்பு மின்னியது.

இன்னொன்று. கிளையைக் கழற்றியபின் வண்டி எழுந்துவிட்டால் சாவியால் அதை நிறுத்த முடியாது. இது தானியங்கிக் கிளட்ச் வண்டி, கியர் போட்டுப் பிரேக்கை அழுத்தினாலும் நிற்காது. சோக்கை முழுக்க மூடுங்கள், மூச்சு முட்டி நின்றுவிடும்.

8. எர்த்: பெயிண்ட் அடித்த வண்டிகளின் வியாதி

ஓடிக்கொண்டிருந்த வண்டியைப் பிரித்து, சட்டத்துக்குப் புதுப் பெயிண்ட் அடித்து, அழகாகப் பூட்டியபின் பொறி வராவிட்டால் இந்தப் படிக்கு நேராக வாருங்கள்.

மெக்னட் சுருளுக்கு எர்த் என்ஜின் உடம்பு. காயிலுக்கு எர்த் சட்டம். இரண்டையும் சேர்ப்பது என்ஜினைத் தாங்கும் போல்ட்கள். கெட்டியான பவுடர் பெயிண்ட் அந்த போல்ட் துவாரங்களைச் சுற்றியும், காயில் உட்காரும் இடத்திலும் போர்த்திவிட்டால் மின்சாரம் திரும்பி வர வழி இல்லை. பார்க்க வண்டி ஷோரூமில் நிற்பது போல இருக்கும், அவ்வளவுதான்.

மீட்டரின் ஒரு முள்ளைச் சிலிண்டரைச் சுற்றியுள்ள இலை போன்ற தகட்டிலும் மற்றொன்றைக் காயிலின் இரும்புத் தகட்டிலும் வையுங்கள். இரண்டு முள்ளையும் ஒன்றோடொன்று தொடவைத்தால் என்ன எண் வருமோ, ஏறத்தாழ அதுவே வர வேண்டும். அதிகமாக வந்தால் கிளிப் ஒயரால் இரண்டையும் தற்காலிகமாக இணைத்து உதையுங்கள். பொறி வந்துவிட்டால் போல்ட் உட்காரும் இடத்தில் மட்டும் பெயிண்டைச் சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டுப் பூட்டுங்கள். மனசு வராதவர்கள் தனி எர்த் ஒயர் ஒன்று இழுத்துவிடலாம்.

9. பிளாட்டினம்

இடப்பக்க மூடியைக் கழற்றினால் மெக்னட் தெரியும். அதன் ஜன்னல் வழியே பிளாட்டினத்தைப் பார்க்கலாம். மெக்னட்டைப் பிடுங்க வேண்டியதில்லை. முதலில் உள்ளே எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். நனைந்திருந்தால் பின்னால் இருக்கும் ஆயில் சீல் போய்விட்டது. பிளாட்டினத்தை எத்தனை முறை துடைத்தாலும் ஒரு வாரத்தில் மறுபடி நனையும்.

மெக்னட்டை இடப்பக்கமிருந்து பார்க்க இடஞ்சுழியாகச் சுற்றுங்கள், என்ஜின் சுற்றும் திசை அதுதான். பிளாட்டினம் முழுதாகத் திறக்கும் இடத்தில் நிறுத்தி மணல்தாளை இரண்டாக மடித்து நடுவில் விட்டு நாலைந்து முறை இழுங்கள். அதோடு நிறுத்திவிடாதீர்கள். தூள் நடுவில் இருந்தால் இன்னும் மோசம். கான்டாக்ட் கிளீனரில் நனைத்த வெள்ளை அட்டையை நடுவில் விட்டு இழுத்து, அட்டையில் கறுப்புக் கோடு வராத வரைக்கும் துடையுங்கள்.

புதுப் பிளாட்டினம் போட்டும் பொறி வராத வண்டிகள் தனி ரகம். அதற்கு இரண்டு காரணம். ஒன்று, துருப் பிடிக்காமல் இருக்க அதன் மேல் எண்ணெய்ப் படலம் தடவி விற்கிறார்கள். அதைத் துடைக்காமல் மாட்டினால் மின்சாரம் பாயாது. இரண்டு, ஒயர் மாட்டும் திருகில் இருக்கும் சிறிய ஃபைபர் வாஷர்கள். ஒயரும் பிளாட்டினத்தின் ஸ்பிரிங்கும் ஒன்றையொன்று தொட வேண்டும், இரண்டும் கீழ்த்தட்டைத் தொடக் கூடாது. வாஷர் ஒன்று இடம் மாறினால் நிரந்தர எர்த். கழற்றும் முன் படம் எடுங்கள் என்று சொன்னது பெரும்பாலும் இதற்காகத்தான்.

மீட்டர் இங்கே ஏமாற்றும். பிளாட்டினம் திறந்திருக்கும்போதும் மீட்டர் 'பீப்' என்று கத்தும். 'திறந்திருந்தும் ஒட்டுகிறதே' என்று பதறி நல்ல பிளாட்டினத்தைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு. மெக்னட் சுருளின் மறுமுனை எர்த்தில்தான் இருக்கிறது, அதன் தடை மிகக் குறைவு, மீட்டர் கேட்பது அதன் வழியே வரும் சத்தம். உண்மை தெரிய வேண்டுமானால் சுருள், கண்டென்சர், காயில் ஆகிய ஒயர்களைப் பிளாட்டினத்திலிருந்து பிரித்துவிட்டு அளக்க வேண்டும்.

இடைவெளி, முழுதாகத் திறந்த நிலையில், 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர். நான் 0.35இல் வைப்பேன். ஃபீலர் தகடு லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும், தள்ளிக்கொண்டு போகக் கூடாது. திருகை இறுக்கியபின் மறுபடியும் அளங்கள். இறுக்கும்போது தட்டு ஒரு மயிரிழை நகர்வது வழக்கம்.

10. கண்டென்சரும் காயிலும்

சில வருடங்களுக்கு முன் பாலிக் பூலாவுக்குப் போகும் துன் சார்டோன் மலைச்சாலையில் என் வண்டி மூச்சு விடாமல் நின்றது. இருபது நிமிடம் கழித்து, ஒன்றுமே நடக்காதது போல எழுந்தது. இரண்டு வளைவு தாண்டி மறுபடியும் நின்றது. மூன்றாவது முறை நின்றபோது ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே உதைத்தேன். பிளாட்டினத்துக்கு நடுவே ஊதா நிறத்தில் பெரிய பொறி. அந்தப் பொறி பிளக்கில் பாய வேண்டியது.

பிளாட்டினம் திறக்கும் கணத்தில் அங்கே மின்சாரம் தாவாமல் வாங்கிக்கொள்வதுதான் கண்டென்சரின் வேலை. அது செத்தால் பிளாட்டினத்தில் பொறி பெரிதாகும், முகம் குழி விழும், பிளக்கில் பொறி சிறுக்கும். குளிர்ந்தால் எழுவதும் சூடானால் சாவதும் இதன் குணம். ஆகவே குளிர்ந்த கண்டென்சரை அளந்து 'நல்லாத்தான் இருக்கு' என்று முடிவு கட்டாதீர்கள்.

கண்டென்சர் மெக்னட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அதைத் தொடாமலே சோதிக்க வழி உண்டு. 0.2 முதல் 0.3 மைக்ரோஃபாரட் அளவுள்ள கண்டென்சர் ஒன்றை வெளியே வைத்து, அதன் ஒயரைக் காயிலுக்குப் போகும் ஒயரிலும் உடலை எர்த்திலும் கிளிப் போடுங்கள். வண்டி எழுந்து பிளாட்டினத்துப் பொறி சிறுத்தால் பழையது போய்விட்டது. பழையது உள்ளுக்குள் எர்த் ஆகியிருந்தால் மட்டும் இந்த வித்தை பலிக்காது, அதைக் கழற்றியே ஆக வேண்டும். என் வண்டியில் இன்றும் கண்டென்சர் வெளியேதான் இருக்கிறது. அடுத்தது போகும்போது மெக்னட்டைப் பிடுங்க வேண்டியதில்லை.

காயிலுக்கு ஒயர்களைப் பிரித்துவிட்டு மீட்டர் வையுங்கள். சிறிய ஒயருக்கும் இரும்புத் தகட்டுக்கும் நடுவே ஓரிரு ஓம், பிளக் ஒயருக்கும் தகட்டுக்கும் நடுவே சில ஆயிரம் ஓம். தொப்பியைக் கழற்றிவிட்டு அளங்கள், இல்லாவிட்டால் அதன் ஐயாயிரமும் கணக்கில் சேர்ந்துவிடும். எண்ணே வராவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். சரியான எண் வந்தால் காயில் நல்லது என்று சொல்ல முடியாது. ஓடுகிற வண்டியின் காயிலை ஒருமுறை மாற்றி மாட்டிப் பார்ப்பதுதான் தீர்ப்பு.

11. டைமிங்

பொறி வலுவாக இருக்கிறது, பெட்ரோலும் வருகிறது, ஆனாலும் எழவில்லை. அல்லது கிக்கர் காலைத் திருப்பி உதைக்கிறது. அப்படியானால் பொறி தப்பான நேரத்தில் வருகிறது.

மெக்னட்டின் விளிம்பில் 'எஃப்', 'டி' என்று இரண்டு குறி இருக்கும். இடஞ்சுழியாகச் சுற்றும்போது முதலில் வருவது எஃப். அந்தக் கோடு என்ஜின் உடம்பில் உள்ள குறிக்கு நேராக வரும் கணத்தில் பிளாட்டினம் திறக்கத் தொடங்க வேண்டும். டி என்பது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம். அதற்கு வைத்துவிட்டு 'இழுக்க மாட்டேங்குது' என்று வருபவர்கள் உண்டு.

திறக்கும் கணத்தைப் பிடிக்க ஊதுபத்திப் பெட்டியைச் சுற்றியிருக்கும் கண்ணாடித் தாள் போதும். சின்னத் துண்டைப் பிளாட்டினத்துக்கு நடுவே கடிக்கவிட்டு, ஒரு கையால் லேசாக இழுத்துக்கொண்டே மறுகையால் மெக்னட்டை மெதுவாகச் சுற்றுங்கள். தாள் விடுபடும் இடத்தில் சட்டென்று நிறுத்திக் குறியைப் பாருங்கள். எஃப் வரும் முன்பே விடுபட்டால் இடைவெளியைக் கொஞ்சம் குறையுங்கள், தாண்டியபின் விடுபட்டால் கூட்டுங்கள். இந்த வண்டியில் டைமிங்கைத் திருத்துவதே பிளாட்டினம் இடைவெளிதான். அது பொறியின் வலுவையும் மாற்றும், ஏனென்றால் காந்தம் எந்த இடத்தில் இருக்கும்போது பிளாட்டினம் திறக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் சுருளில் மின்சாரம் அதிகமாக இருக்கும்.

0.3க்கும் 0.4க்கும் உள்ளே எங்கே வைத்தாலும் எஃப் ஒத்துவரவில்லை என்றால் பிளாட்டினத்தின் குதிகால் (சுற்றும் கேமில் உரசும் பகுதி) தேய்ந்திருக்கிறது, அல்லது மெக்னட்டை ஷாஃப்ட்டில் பிடித்து வைக்கும் அரைநிலா கீ நசுங்கிப்போய் மெக்னட் இடம் மாறிவிட்டது. இப்போதுதான் புல்லர் வேண்டும். உங்கள் மெக்னட் மரைக்கே உரியதை வாங்கிக் கடைசி மரை வரை ஏற்றிவிட்டு இறுக்குங்கள். சுத்தியலால் அடித்தால் காந்தம் பலவீனமாகும், ஷாஃப்ட்டின் நுனியும் போகும். கழற்றும் முன் மெக்னட்டை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் பேரிங் போய்விட்டது. இடைவெளி சுற்றுக்குச் சுற்று மாறும், எத்தனை முறை வைத்தாலும் நிற்காது.

12. சிடிஐ வண்டியும் பெட்டரி வண்டியும்

சிடிஐயில் பிளாட்டினமும் கண்டென்சரும் இல்லை. அவற்றின் இடத்தில் மின்சாரம் தரும் சுருள், நேரம் சொல்லும் பல்ஸர், பெட்டி. 7ஆம் படியில் சொன்ன சாவி ஒயர் ஆர்எக்ஸ்இசட் போன்றவற்றில் பெட்டிக்குப் போகும், தத்துவம் அதேதான். அது சரியென்றால் கனெக்டர்களைக் கழற்றிப் பச்சைப் பாசியைச் சுத்தம் செய்து, சுருள் இரண்டையும் அந்த மாடலின் கையேட்டு எண்ணோடு ஒப்பிடுங்கள். பெட்டியை மீட்டரால் நம்பி அளக்க முடியாது, நல்ல பெட்டி ஒன்றை மாற்றி மாட்டித்தான் பார்க்க வேண்டும். அதைக் கடைசியில் செய்யுங்கள். போமன்களே (பட்டறை மெக்கானிக்குகளே) முதலில் குற்றம் சொல்வது பெட்டியைத்தான், பெரும்பாலும் அது நிரபராதி.

பெட்டரி வகையில் சாவியைத் திறந்து காயிலுக்கு வோல்ட் வருகிறதா என்பதே முதல் கேள்வி. வராவிட்டால் ஃபியூஸ், சாவி, கனெக்டர். இதில் சாவியின் வேலை வீட்டுச் சுவிட்ச் போலத்தான்.

13. பூட்டும் முன்

கழற்றிய சாவி ஒயரைத் திரும்ப மாட்டி, சாவியை மூடினால் வண்டி நிற்கிறதா என்று பாருங்கள். கால் மணி நேரம் ஓட்டி, சூட்டோடு நிறுத்தி, உடனே மறுபடி உதையுங்கள். இருட்டியபின் வண்டி ஓடும்போது தொப்பி மேலும் பிளக் ஒயர் மேலும் தண்ணீரைப் பனிபோலத் தெளியுங்கள். ஒயரின் மேல் நீல நிறத்தில் பூச்சி ஊர்வது போலத் தெரிந்தால் அங்கே ஒழுகுகிறது. செப்டம்பர், அக்டோபர் மழை வரும் முன் மாற்றிவிடுங்கள்.

கடைசியாக லெக் ஷீல்டு. ஒவ்வொரு திருகையும் விடும் முன் பின்னால் கையை விட்டு ஒயரை ஒதுக்குங்கள். எல்லாம் பூட்டியபின் இன்னொரு முறை உதையுங்கள். அந்தத் தம்பி வண்டியைப் பூட்டி முடித்து உதைத்தபோது எழவில்லை. அதே திருகு, அதே ஒயர்.